பாண்டியன் குடித்த ஃபாரின் ஒயின்! தெரியுமா?

மதுரை என்றால் ஜிகர்தண்டாதானா? பாண்டிய மன்னர் ஃபாரின் சரக்கு அருந்தினார், தெரியுமா? சத்தியமாக! யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கொண்டுவந்த குளிர்ந்த, மணக்கும் மதுவை வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாளும் குடித்து இனிதாக இரு என்று பாண்டியன் நன்மாறனைப் புலவர் நக்கீரர் வாழ்த்துகிறார். புறநானூறு, 56-ஆம் பாட்டு. கண்டிக்கவில்லை, வாழ்த்துகிறார்!

புலவர் அளந்துவிட்டார் என்று தள்ளவும் முடியாது. வைகை கடலில் சேரும் பக்கம், ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது என்னென்ன வந்தன தெரியுமா? ரோமானியக் காசுகள், கப்பல் படம் கீறிய பானை ஓடு, கூடவே ஆம்போரா ஓடுகள்! ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடி வைத்த நெட்டை மண்சாடி. பலவற்றுக்கு அடி கூம்பியிருக்கும். தரையில் நிற்காது, ஆனால் கப்பலின் அடித்தட்டில் நெருக்கி அடுக்க அதுவே வசதி. மண்சாடியில் ஒயின் கசியாதா? உள்ளே மரப்பிசின் பூசிவிடுவார்கள். அந்த வாடை ஒயினிலும் ஏறும். மன்னர் முகம் சுளித்தாரா என்று நக்கீரர் மூச்சே விடவில்லை! அந்த ஒயின் வந்த வழியைப் பாருங்கள்: நைல் நதி, ஒட்டகம், பாலைவனம், செங்கடல், அப்புறம் தென்மேற்குப் பருவக்காற்று... ஒரு கிண்ணத்துக்கு எத்தனை பாடு!

இனி வைகைக்குத் தண்ணீர் வரும் பக்கம் போவோம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. தலைக்கு மேல் பந்தல் பந்தலாகத் திராட்சை! 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொடியைக் கொண்டுவந்தார் என்கிறார்கள். பூசைக்கு ரசம் வேண்டியிருந்ததோ என்னவோ!

ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்கக் கொடி தூங்கும். வருடத்துக்கு ஒரே அறுவடை. இங்கே குளிர் ஏது? கவாத்து செய்தால் கொடி துளிர்க்கும், ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். ஒரு தோட்டத்தில் கத்தரிக்கோல், அடுத்த தோட்டத்தில் பழக்கூடை. அதனால் பன்னிரண்டு மாதமும் திராட்சை, அதிசயம்தானே!

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் இனத்துப் பழங்களின் மணத்தில் ஜெரானியால் என்ற பொருளுக்குப் பங்குண்டு. ரோஜா எண்ணெயிலும் அதே ஜெரானியால்! பெரும்பகுதி பழமாகவும் ஜூஸாகவும் போகிறது. ஒயினுக்கும் ஏற்ற ரகம். ஒயினை ருசிக்குமுன் பழத்தை ருசியுங்கள். விரலால் அழுத்தினால் தடித்த கறுந்தோல் கையில் நிற்க, சதை வழுக்கி வாய்க்குள் விழும். கொட்டையைத் துப்ப வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை. சுருளி அருவிக்குப் போகும் வழியில் தோட்டத்துப் பழம் வாங்கலாம். வெள்ளை வேட்டியோடு மட்டும் போகாதீர்கள்!