கணினியில் அஞ்சல் படிக்கும் மென்பொருளும் அதன் காவலும்

மின்னஞ்சல் மென்பொருள் என்பது, அஞ்சல் சேவை தரும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்புகொண்டு, அங்கே வந்து சேர்ந்த கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக் காட்டுவதும், எழுதியவற்றை அனுப்புவதும், பழையவற்றை அடுக்கி வைப்பதுமான நிரலாகும். உலாவியிலேயே கடிதங்களைப் படித்துவிட முடியும் என்றாலும், பல கணக்குகளை ஓரிடத்தில் வைத்துக்கொள்ளவும், இணையம் இல்லாத வேளையில் பழைய கடிதங்களைத் தேடிப் பார்க்கவும் விரும்புவோர் இத்தகைய மென்பொருளை இன்றும் நாடுகின்றனர். பாதுகாப்பைப் பொறுத்தவரை இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. உலாவி பெரும்பாலும் பயனர் தாமே தேர்ந்த தளங்களுக்குச் செல்கிறது. அஞ்சல் மென்பொருளோ, முகவரி தெரிந்த எவரும் அனுப்பும் தரவை யாரையும் கேட்காமல் உள்ளே வாங்கிப் பிரித்துத் திரையில் வரையவும் முற்படுகிறது. ஆகவே அது எத்தனை வசதிகளைத் தருகிறது என்பதைவிட, வந்த கடிதத்தைக் கொண்டு தானாக என்னென்ன செய்கிறது என்பதே தேர்வுக்கு உரிய முதல் வினா.

1982இல் எஸ்எம்டிபி என்னும் அஞ்சல் நெறிமுறை வரையறுக்கப்பட்டபோது கடிதம் வெறும் எழுத்துகளின் வரிசையாக இருந்தது. படிப்பதால் மட்டும் கணினிக்குத் தீங்கு நேர்வது அரிதாக இருந்தது. 1992இல் வந்த மைம் என்னும் தரம், படம், ஒலி, நிரல் எனப் பலவகைக் கோப்புகளை ஒரே கடிதத்துக்குள் அடக்க வழிசெய்தது. பின்னர், இணையப் பக்கங்களை வடிவமைக்கும் எச்டிஎம்எல் குறிமொழியும் கடிதங்களுக்குள் புகுந்தது. விண்டோஸ் 98 முதல் எக்ஸ்பி வரையிலான இயங்குதளங்களோடு சேர்ந்து வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ், அத்தகைய கடிதங்களைக் காட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் வரைபொறியையே பயன்படுத்தியதால், அந்த உலாவியின் ஓட்டைகள் அஞ்சல் பெட்டியின் ஓட்டைகளும் ஆயின. 1999 நவம்பரில் அறியப்பட்ட பபிள்பாய் என்னும் புழுநிரல், இணைப்பு எதையும் சொடுக்காமலே, முன்தோற்றத்தில் கடிதம் தெரிந்த அளவிலேயே அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இயங்கக்கூடியதாக இருந்தது. 2001 செப்டம்பரில் பரவிய நிம்டா, இணைக்கப்பட்ட கோப்பின் வகையை மைம் தலைப்பில் பொய்யாகக் குறித்து, நிரலை ஒலிக்கோப்பு என நம்பவைத்துத் தானாக ஓடச்செய்தது. இவற்றுக்கு இடையே, 2000 மே 4 அன்று கிளம்பிய 'ஐ லவ் யூ' புழு வேறொரு பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்டது: கோப்புப் பெயரின் கடைசிப் பின்னொட்டை விண்டோஸ் இயல்பாகவே மறைத்ததால் ஸ்கிரிப்ட் நிரல் ஒன்று சாதாரண உரைக்கோப்பாகத் தோன்றியது, பயனர் அதைச் சொடுக்கியதும், அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அது தன் நகலை அனுப்பிக்கொண்டது.

மாற்று மென்பொருள்களுக்கு நற்பெயர் ஏற்பட்டது இந்த ஆண்டுகளில்தான். நியூசிலாந்தைச் சேர்ந்த டேவிட் ஹாரிஸ் 1990இல் வெளியிட்ட பெகாசஸ் மெயில், உலாவியின் வரைபொறியைக் கடன் வாங்காமல், ஸ்கிரிப்டுகளை இயக்காத தன் சொந்தக் காட்டியையே கொண்டிருந்தது. 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் உருவாக்கிய யூடோராவின் விண்டோஸ் பதிப்பு மைக்ரோசாஃப்டின் காட்டியைப் பயன்படுத்தவும், அதை அணைத்துவிட்டுத் தன்னுடையதையே பயன்படுத்தவும் வழிவிட்டது. பின்னதே பாதுகாப்பான தேர்வு. பயனர் குறைவாக இருப்பதால்தான் இவை தப்பின என்று சொல்லப்படுவதில் ஓரளவு உண்மை இருப்பினும், அது பாதி விளக்கமே. இயக்கும் திறன் இல்லாத மென்பொருளிடம் இயங்கும் கடிதத்தால் எதையும் சாதிக்க முடியாது என்பதே மறுபாதி, அதுவே முக்கியமானதும் ஆகும்.

இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் விலையின்றிக் கிடைக்கும் தண்டர்பேர்டை இந்த அளவுகோலால் ஆராய்வது பயனுள்ளது. மொசில்லா 2004 டிசம்பரில் இதன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. ஃபயர்பாக்ஸ் உலாவியின் பொறியையே இதுவும் கொண்டிருப்பதால், பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸின் குறையே இதற்கும் இருக்க வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் கடிதம் படிக்கப்படும்போது இதில் ஸ்கிரிப்ட் இயக்கம் நிறுத்தப்பட்டிருக்கிறது. உலாவிப் பொறியில் கண்டறியப்படும் பிழைகளைப் பற்றிய மொசில்லாவின் அறிவிப்புகள், இக்காரணத்தால் அவற்றைக் கடிதத்தின் வழியே பொதுவாகப் பயன்படுத்த இயலாது என்று குறிப்பிடுவது வழக்கம். தொலைவிலுள்ள சர்வரிலிருந்து இறக்கப்பட வேண்டிய படங்களும் இயல்பாகவே தடுக்கப்படுகின்றன. விளம்பரக் கடிதங்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படம் ஒன்று வைக்கப்பட்டு, அது இறக்கப்படும் கணத்தில், கடிதம் திறக்கப்பட்ட நேரமும் திறந்தவரின் இணைய முகவரியும் அனுப்பியவரைச் சென்றடைவதால், இத்தடை அழகைக் குறைத்தாலும் மதிப்புமிக்கது. எச்டிஎம்எல்லை முற்றிலும் விலக்க விரும்புவோர் 'காட்சி' பட்டியலில் கடிதத்தின் உடலை வெற்று உரையாகக் காட்டும் தெரிவை அமைத்துக்கொள்ளலாம்.

அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே படிக்கும்படி கடிதத்தைப் பூட்டும் முறையான குறியாக்கத்தை ஓப்பன்பிஜிபி என்னும் தரத்தின்படி செய்ய முன்பு எனிக்மெயில் என்னும் துணைநிரல் தேவைப்பட்டது. 2020இல் வந்த 78ஆம் வரிசைப் பதிப்பிலிருந்து அது தண்டர்பேர்டிலேயே அடங்கிவிட்டது. எனினும் குறியாக்கம் தனித்து நின்று காப்பதில்லை. 2018 மே மாதம் ஜெர்மனி, பெல்ஜியம் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஈஃபெயில் தாக்குதல், பூட்டப்பட்ட பகுதியைச் சுற்றி எச்டிஎம்எல் குறிகளை வைத்து, மென்பொருள் பூட்டைத் திறந்தவுடன் உள்ளிருந்த உரை ஒரு பட முகவரியின் பகுதியாக வெளியே செல்லும்படி செய்தது. தண்டர்பேர்ட், ஆப்பிள் மெயில் ஆகிய இரண்டுமே இதனால் பாதிக்கப்பட்டன. கடிதத்தை அலங்கரித்துக் காட்டும் வசதி, மிகக் கவனமாகப் பூட்டப்பட்ட இரகசியத்தையும் கசியவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. லினக்ஸ் பயனர்களில் ஒருசாரார், கடிதத்தை இயல்பாக வெற்று உரையாகவே காட்டும் கிளாஸ் மெயிலையோ, 1995 முதல் எழுத்துத் திரையில் இயங்கிவரும் மட்டையோ விரும்புவது இந்த எண்ணத்தினால்தான்.

சர்வருக்கும் கணினிக்கும் இடையிலான வழி டிஎல்எஸ் என்னும் குறியாக்கத்தால் மூடப்பட்டிருப்பது அடிப்படைத் தேவை. கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் 993, அவற்றைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் 995 ஆகிய துறை எண்கள் அமைப்புப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது எளிய சோதனை. கடவுச்சொல்லும் கடிதங்களும் எங்கே தங்குகின்றன என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. சில மென்பொருள்கள், பிற நிறுவனங்களின் கணக்குகளைச் சேர்க்கும்போதும், கடிதங்களின் நகலைத் தம்மைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரில் ஒத்திசைக்கின்றன. விண்டோஸில் இப்போது வரும் புதிய அவுட்லுக் அவ்வகையைச் சேர்ந்தது. கடிதங்களைப் பொறுத்தவரை தண்டர்பேர்ட், பயனரின் கணினிக்கும் அவருடைய அஞ்சல் சர்வருக்கும் இடையே மட்டும் பேசுகிறது.

எந்த மென்பொருளும் பிழையற்றதன்று. 2023 மார்ச்சில் திருத்தப்பட்ட அவுட்லுக் பிழையொன்றில், நினைவூட்டல் ஒலிக்கான கோப்பின் இருப்பிடத்தைத் தாக்குபவர் தம் சர்வரில் குறித்து அனுப்பினாலே, பயனர் எதையும் தொடாமல் அவருடைய உள்நுழைவுச் சான்றின் மாற்றுரு அங்கே சென்றது. இத்தகைய பிழைகள் விரைந்து திருத்தப்பட வேண்டுமாதலால், பராமரிப்பு நின்றுபோன மென்பொருளை, ஒரு காலத்தில் அது எவ்வளவு பாதுகாப்பாக இருந்திருப்பினும், விலக்குவதே முறை. 2006இல் வணிக வளர்ச்சி நிறுத்தப்பட்ட யூடோரா அவ்வாறானது.

மாறுவது பலர் அஞ்சும் அளவுக்குக் கடினமானதன்று. ஐமேப் முறையில் கடிதங்கள் சர்வரிலேயே இருப்பதால், பழையதையும் புதியதையும் சில வாரம் அருகருகே பயன்படுத்திப் பார்க்கலாம். பாப் முறையில் கடிதங்கள் பழைய மென்பொருளின் கோப்புகளில் மட்டுமே இருக்கக்கூடும் என்பதால், முதலில் நகலெடுத்து வைத்துவிட்டு, பழைய மென்பொருளிலேயே ஓர் ஐமேப் கணக்கைச் சேர்த்து, கடிதங்களை அதன் கோப்புறைக்கு நகர்த்தினால், அதே கணக்கைச் சேர்த்த புதிய மென்பொருளில் அவை தாமாகவே தோன்றும். அதன்பின் பழையதில் சேமித்திருந்த கடவுச்சொற்களை அழித்து, அதை நீக்கிவிடலாம்.