எழுத்துக்கு எண் கொடுத்தவர்கள்

கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்களே! நாம் 'அ' என்று தட்டினால் அது ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் காட்ட உதவுவது எழுத்துரு, அதாவது ஃபாண்ட்.

1990களில் இதனால் ஒரு தொல்லை ஏற்பட்டது. எழுத்துருக்களைச் செய்தவர்கள் தத்தம் விருப்பப்படி எண்களைக் கொடுத்தனர். ஊருக்கு ஊர் படியின் அளவு மாறினால் வியாபாரம் நடக்குமா? ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம், அதே எழுத்துரு இல்லாதவரின் திரையில் புரியாத குறிகளாகவே தெரிந்தது.

இதற்கு வழி காணப் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சல் மூலம் கூடி விவாதித்தனர். சம்பளம் எதுவும் இல்லாமலே உழைத்தனர். 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீடு அவ்வாறு பிறந்ததே. பின்னர், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'யூனிகோடு' முறை பரவியது. அதில் 'அ'வின் எண் 2949. 'க'வின் எண் 2965. 'கெ' என்பதற்கு இரண்டு எண்கள்: முதலில் 2965, அடுத்துக் கொம்புக்குரிய 3014. எழுதும்போது முன்னால் வரும் கொம்பு, எண் வரிசையில் பின்னால் வருவதைக் கவனித்தீர்களா? அதை இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை.

ஆனால் விண்டோஸ் 98 போன்ற பழைய கணிப்பொறிகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது. அவற்றை வைத்திருந்தோர் என்ன செய்வது? இங்கேதான் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி (1953–2006) உதவிக்கு வந்தார். அவர் செய்த 'தேனீ' ஓர் இயங்கு எழுத்துரு. இணையப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துருவும் கூடவே வந்து சேரும். படிப்பவர் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. கட்டுச்சோறு கொண்டுவரும் விருந்தாளியைப் போல! இதை அவர் இலவசமாகவே வழங்கினார்.

2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அங்கே ஓர் அரங்குக்கு உமர்தம்பியின் பெயரைச் சூட்டினர். அது நல்ல நன்றிதான். ஆனால், அப்போது அவர் மறைந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உதவியவர் இருக்கும்போதே நன்றி சொல்ல வழியில்லையா? உண்டு, மாணவர்களே! ஓர் இலவச மென்பொருளில் பிழை கண்டால், என்ன தட்டினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் தெளிவாக எழுதி, அதைச் செய்தவருக்கு அனுப்புங்கள். நீங்கள் கற்றதை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுங்கள். நிரல் எழுதுவோர் பெரிதும் விரும்பும் நன்றி இதுவே.