சிங்கப்பூர் மக்களும் சொந்த வீடும்

உண்ணும் உணவையும் உடுக்கும் உடையையும் ஏழை ஒருவன் சிறிது சிறிதாகத் தேடிக்கொள்ளலாம். அன்றைய கூலியைக் கொண்டு மாலையில் ஒரு படி அரிசி வாங்கலாம். பண்டிகைக்கு ஒரு வேட்டி வாங்கலாம். வீட்டை அவ்வாறு வாங்க இயலாது. அதற்குப் பெருந்தொகை ஒரே நாளில் கையில் இருத்தல் வேண்டும். வீட்டைக் கட்டிப் பார் என்னும் பழமொழி பிறந்தது, நிலம் சொந்தமாக உடைய சிற்றூர் மக்களிடையேதான். நகரத்திலோ கட்டடத்தின் விலையை நிலத்தின் விலை விழுங்கிவிடும். ஆகவே, நகரத்து ஏழை வாழ்நாள் முழுவதும் வாடகை கொடுத்தே கழிப்பது உலகின் பல பகுதிகளிலும் வழக்கமாயிற்று. இவ்வழக்கத்தை ஒரு நகரத்தின் அரசு தன் முயற்சியால் மாற்றியது. அந்நகரம் சிங்கப்பூர்.

மலேயத் தீபகற்பத்தின் தென்கோடியில் அமைந்த சிறிய தீவு அது. நகரமும் நாடும் அங்கே ஒன்றே. 1959-ஆம் ஆண்டில் அது தன்னாட்சி பெற்றது. 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் தனி நாடாயிற்று. தன்னாட்சி பெற்ற காலத்தில் அங்கு ஏறத்தாழ 16 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். நகரின் நடுவே கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த பழைய வீடுகள் நெருங்கி நின்றன. அவற்றின் மேல்மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் பல கூறாக்கி, ஒரு கூற்றில் ஒரு குடும்பம் என்னும்படி வாடகைக்கு விட்டிருந்தனர். சன்னலே இல்லாத அறைகள் பல. நகரைச் சூழ்ந்த இடங்களில், கம்பம் என வழங்கப்படும் குடியிருப்புகள் மலிந்திருந்தன. மரப்பலகையால் சுவர் எழுப்பி, அத்தாப்பு என்னும் நீப்பனை ஓலையால் கூரை வேய்ந்த வீடுகள் அவை. நிலம் பிறருடையது, குழாய்நீரும் கழிவுநீர்க் கால்வாயும் பெரும்பாலான கம்பங்களில் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1927-ஆம் ஆண்டில், சிங்கப்பூர் மேம்பாட்டுக் குழுமம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. சாலை அகற்றலும் சந்து திருத்தலுமே அதன் முதற் பணி. வீடு கட்டுதல் பிற்பாடு சேர்ந்தது. 32 ஆண்டுகளில் அது கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000. மக்கட்பெருக்கத்தின் முன் இத்தொகை எம்மட்டு! புதிய அரசு அக்குழுமத்தைக் கலைத்துவிட்டு, 1960-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாளில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தியது. தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாதலின், அக்கழகத்திற்கு இப்பெயரே இன்றும் தமிழில் வழங்குகிறது. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான் என்பவர். அவர் கட்டடக் கலைஞரும் அல்லர். அரசு அலுவலரும் அல்லர். சவ்வரிசி செய்யும் பொறியால் பொருள் ஈட்டிய வணிகர். ஊதியம் பெறாமலே அப்பதவியை ஏற்றார். முதல் ஐந்தாண்டுகளில் 54,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அழகிய வீடுகள் என அவற்றைச் சொல்ல இயலாது. பல, ஒரே அறை கொண்டவை. சிலவற்றில் சமையலறையும் கழிப்பிடமும் பொதுவாக இருந்தன. அழகினும் விரைவே அன்று வேண்டப்பட்டது.

அவ்விரைவு எத்துணை இன்றியமையாதது என்பதை 1961-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் காட்டியது. அன்று ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் தோன்றிய தீ, புக்கிட் ஹோ ஸ்வீ என்னும் கம்பத்தில் பரவியது. காற்றோ வலிது, கூரையோ உலர்ந்த ஓலை, சந்துகளோ தீயணைப்பு வண்டி நுழைய மாட்டாத அளவு குறுகியவை. சில மணி நேரத்தில் 2,800 வீடுகள் சாம்பலாயின. நால்வர் இறந்தனர், ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். பள்ளிக்கூடங்களில் அவர்களைத் தங்கவைத்த அரசு, எரிந்த நிலத்தைத் தான் எடுத்துக்கொண்டு, அங்கேயே மாடிக் கட்டடங்களை எழுப்பத் தொடங்கியது. ஓராண்டு நிறைவதற்குள் வீடிழந்தோர்க்குக் கழக வீடுகளில் இடம் கிடைத்தது.

இதுகாறும் கூறிய வீடுகளெல்லாம் வாடகை வீடுகள். ஓர் அறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறை வீட்டுக்கு 40 வெள்ளி, மூவறை வீட்டுக்கு 60 வெள்ளி என வாடகை பெறப்பட்டது. (அந்நாட்டு டாலரைத் தமிழர் வெள்ளி என்றே வழங்குவர். மூவறை வீடு என்பது, கூடம் ஒன்றும் படுக்கையறை இரண்டும் கொண்டது. சமையலறை கணக்கில் சேராது.) குடியிருப்போரையே வீட்டுக்கு உரியவர் ஆக்க வேண்டும் என்னும் எண்ணம் 1964-ஆம் ஆண்டில் செயலுக்கு வந்தது. குவீன்ஸ்டவுன் என்னும் பகுதியில் ஈரறை வீடு 4,900 வெள்ளிக்கும், மூவறை வீடு 6,200 வெள்ளிக்கும் விற்கப்படும் என அரசு அறிவித்தது. விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதலில் கட்டிவிட்டால், எஞ்சியதைக் கழகமே கடனாகக் கொடுத்து, 15 ஆண்டுகளில் தவணையாகப் பெற்றுக்கொள்ளும்.

நல்ல திட்டம்தான். எனினும், மக்கள் திரண்டு வரவில்லை. ஏன்? கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். மூவறை வீட்டின் கடன் தொகை 4,960 வெள்ளி. அதனை 180 மாதங்களுக்குப் பகிர்ந்தால், வட்டி நீங்கலாக மாதத்திற்கு 27 அல்லது 28 வெள்ளியே ஆகும். வாடகை 60 வெள்ளி கொடுப்பவனுக்கு இது சுமையன்று. சுமை முன்பணத்தில் இருந்தது. 1,240 வெள்ளியை ஒருசேரக் கொணர்ந்து வைக்கத் தொழிலாளியால் இயலவில்லை. படியேற விரும்பியவனுக்கு முதற் படியே மார்பளவு உயரமாக அமைந்துவிட்டது.

இவ்விடத்தில், வேறொரு நோக்கத்திற்காக ஏற்பட்ட நிதி ஒன்று கைகொடுத்தது. 1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் மத்திய சேம நிதி என்னும் ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு 5 பங்கைப் பிடித்து, அதே அளவு பணத்தை முதலாளியும் சேர்த்து, முதுமைக்கென அவன் பெயரில் வைப்பது அதன் முறை. 55 வயது நிறையும்வரை அப்பணத்தை எடுத்தல் கூடாது. மாதம் 300 வெள்ளி ஊதியம் பெறும் தொழிலாளி ஒருவனைக் கருதுக. அவன் பங்கு 15 வெள்ளி. முதலாளியின் பங்கு 15 வெள்ளி. 13 ஆண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலே, 4,680 வெள்ளி சேர்ந்திருக்கும். முன்பணம் இல்லையே என்று வருந்தியவனுக்கு, அதனைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட தொகை அவன் பெயரிலேயே பூட்டிக் கிடந்தது! 1968-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. முன்பணத்தையும் மாதத் தவணையையும் சேம நிதியிலிருந்தே செலுத்தலாம் என்றாயிற்று. அவ்வாண்டிலேயே இரு சாராரின் பங்கும் நூற்றுக்கு ஆறரையாக உயர்த்தப்பட்டது. அடுப்பங்கரைச் செலவுக்கான காசில் கை வைக்காமலே வீட்டுக் கடன் தீரும் வழி பிறந்தது. விண்ணப்பங்கள் குவிந்தன. 1970-இல் சொந்த வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் நூற்றுக்கு 29, 1980-இல் 59, 1990-இல் 88. இருபது ஆண்டுகளில் இத்தகைய மாற்றத்தைக் கண்ட நகரம் வேறொன்று இருப்பின் வியப்பே.

இத்திட்டத்தில் அரசுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. அன்றைய தலைமையமைச்சர் லீ குவான் யூ அதனைத் தம் நினைவுநூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். 1967 முதல் இளைஞர் யாவரும் படையில் பணிபுரிதல் கட்டாயம் ஆயிற்று. காக்க வேண்டிய நாட்டில் தனக்கென ஒரு வீடும் இல்லாதவன், செல்வருடைய உடைமைக்காக உயிரைக் கொடுக்க முன்வருவானா என்பது அவர் எண்ணம்.

விலை எவ்வாறு இத்துணைக் குறைவாயிற்று என்பதும் ஆராயத்தக்கது. கட்டடச் செலவை ஓரளவுக்குமேல் குறைக்க இயலாது. குறைந்தது நிலத்தின் விலையே. 1966-ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தும் சட்டம், பொதுநலத்திற்கென எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ளும் உரிமையை அரசுக்கு வழங்கியது. 1973-ஆம் ஆண்டின் திருத்தமோ, அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் நிலவிய மதிப்பு, நிலம் எடுக்கப்படும்போது உள்ள மதிப்பு ஆகிய இரண்டனுள் குறைந்ததையே ஈடாகக் கொடுத்தால் போதும் என வரையறுத்தது. சாலை வந்ததாலும் தொழில் வளர்ந்ததாலும் ஏறிய மதிப்பு நில உடைமையாளருக்கு உரியதன்று என்பது அரசின் வாதம். தம் தந்தையர் தேடிய நிலத்தைக் குறைந்த ஈட்டுக்கு இழந்தோர் மனம் வருந்தியது இயல்பே. பலர் பெற்ற வீட்டிற்குச் சிலர் கொடுத்த விலை அது. முழுச் சந்தை மதிப்பையும் ஈடாகக் கொடுக்கும் முறை 2007-ஆம் ஆண்டில்தான் திரும்பியது.

கம்பத்திலிருந்து மாடிக்குக் குடிபெயர்ந்தவர்கள் எல்லாரும் மகிழ்ந்து சென்றனர் எனக் கருதுதல் தவறு. மின்தூக்கியில் ஏற அஞ்சிப் படிவழியே நடந்தோர் உண்டு. வளர்த்த கோழிகளைப் பிரிய மனமின்றிச் சமையலறையில் அடைத்து வைத்தோர் உண்டு. வாசலில் காய்கறிப் பாத்தியும் பின்புறத்தில் மரநிழலும் பெற்றிருந்த முதியோர்க்குப் பத்தாவது மாடி ஒரு கூண்டாகவே தோன்றியிருக்கும்.

காலப்போக்கில் வேறு சிக்கல்களும் தோன்றின. சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் இனத்தார் மிகுந்த பகுதியிலேயே வீடு வாங்கத் தலைப்பட்டனர். 1964-இல் இனக் கலவரங்களைக் கண்ட நாடு அது. ஆதலின், இன வாரியாகக் குடியிருப்பு பிரிவதை அரசு விரும்பவில்லை. 1989-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல், ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் இனத்தார் இத்துணைப் பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. அதனால் ஒரே மாடியில் பொங்கலும் நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் அடுத்தடுத்த கதவுகளுக்குள் கொண்டாடப்படுகின்றன. ஆயினும், இவ்வரம்பின் சுமை சிறுபான்மையோர் மீதே மிகுதியாக விழுந்தது. வரம்பு நிறைந்த கட்டடத்தில் வீடுடைய தமிழர் ஒருவர், அதனைச் சீனருக்கு விற்க இயலாது. தம் இனத்தாருள் வாங்குவோர் சிலரே ஆதலின், விலையைக் குறைக்க நேரிடும். இக்குறையைத் தணிக்க, இத்தகைய வீடுகளைத் தகுதியுடையோரிடமிருந்து கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-ஆம் ஆண்டில் வந்தது.

விலையும் முன்போல் நிற்கவில்லை. கழகத்திடம் வாங்கிய வீட்டைக் குறித்த ஆண்டுகள் வாழ்ந்தபின் வெளியாருக்கு விற்கலாம் என்னும் உரிமை, வீட்டை உறைவிடமாக மட்டுமன்றிச் செல்வமாகவும் ஆக்கியது. முதன்முதல் 6,200 வெள்ளிக்கு வீடு விற்ற அதே குவீன்ஸ்டவுனில், 2012-ஆம் ஆண்டில், பெரிய கழக வீடு ஒன்று 10 இலட்சம் வெள்ளிக்குக் கைமாறியது. விற்றவருக்கு அது பேறு. அவ்வாண்டில் புதிதாக மணம் புரிந்து வீடு தேடிய இளையவருக்கு அவ்வாறன்று. 2024-ஆம் ஆண்டு முதல், நல்ல இடங்களில் கட்டப்படும் புதிய வீடுகளைப் பத்தாண்டு வாழ்ந்தபின்னரே விற்கலாம் என்றும், விற்கும்போது அரசு அளித்த உதவியின் ஒரு பகுதியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் விதி செய்யப்பட்டது.

சொந்த வீடு என்னும் சொல்லுக்கே ஒரு வரையறை உண்டு என்பதையும் அறிதல் வேண்டும். கழக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுபவை. நிலம் அரசினுடையது, காலம் முடிந்தால் வீடும் அரசையே சேரும். 99 ஆண்டு என்பது 1964-இல் முடிவில்லாக் காலமாகத் தோன்றியது. ஆனால், 2017-ஆம் ஆண்டில், குத்தகை முடியும்போது வீட்டிற்கு மதிப்பு ஏதும் எஞ்சாது என அமைச்சர் லாரன்ஸ் வோங் மக்களுக்கு நினைவூட்டியபோது, பலர் திடுக்கிட்டனர். கேலாங் பகுதியில் தனியார்க்கு உரிய 191 வரிசை வீடுகள், 60 ஆண்டுக் குத்தகை முடிந்து, 2020-ஆம் ஆண்டு இறுதியில் ஈடு ஏதுமின்றி அரசுக்குத் திரும்பின. ஏறத்தாழ 70 ஆண்டு பழைமையான கழக வீடுகள் சிலவற்றை, குடியிருப்போர் வாக்களித்து இசைந்தால், முன்னதாகவே அரசு வாங்கிக்கொள்ளும் திட்டம் 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 1960-களில் எழுந்த கட்டடங்கள் அவ்வயதை 2030-களில் எட்டும்.