படிவம் நிரப்ப ஆயிரத்து ஐநூறா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். உறுப்பினர் ஒருவர் ஒரு தாளை நீட்டி, "இது என்னன்னு பாருங்க மேடம்" என்றார். அவருக்கு வயது 58. நிலம் விற்ற பணம் 8 லட்சத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டிருந்தார். 2023-24-ம் ஆண்டுக்கு வட்டி 56,000 ரூபாய். அதில் 5,600 ரூபாயை வருமான வரி என்று வங்கி பிடித்திருந்தது.

"நாலு ஆடு வெச்சிருக்கிற எனக்கு எதுக்குங்க வரி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய மொத்த வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆனால் வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால் வங்கி பிடித்துத்தான் ஆகவேண்டும். 'எனக்கு வரி வராது' என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிடித்த பிறகு, வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் பணம் திரும்ப வரும்.

டவுனில் ஒருவர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு தாக்கல் செய்து கொடுத்திருக்கிறார். பணமும் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்தபோது எங்களுக்குத் திக்கென்றது. அக்காவின் செல் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் அந்த ஆளின் நம்பர்! இனி வரித்துறையிலிருந்து எந்தத் தகவல் வந்தாலும், ஓடிபி வந்தாலும், அவருக்குத்தான் போகும்.

இதே வேலையைக் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பைசா வாங்காமல் செய்து கொடுக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் 50 வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்கும் உதவும் என்பதால் எழுதுகிறோம்.

அங்கே ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், முதியோர் இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிறவர் என்று யாராக இருந்தாலும், சம்பளம் தரும்போதே முதலாளி வரியைப் பிடித்துவிடுவார். வருஷம் முடிந்ததும், ஏப்ரல் 15-க்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்து கணக்கைச் சரிபார்க்க வேண்டும். அதிகம் பிடித்திருந்தால் திரும்பக் கிடைக்கும். இது போக, குறைந்த கூலிக்கு உழைக்கிறவர்களுக்கு, அதிலும் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு, கட்டிய வரியைவிடக் கூடுதலாகவே அரசு பணம் கொடுக்கும் சலுகை ஒன்றும் 1975 முதல் இருக்கிறது. 2024-ம் ஆண்டு வருமானத்துக்கு, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அதிகபட்சம் 7,830 டாலர். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்து கேட்டால்தான் கிடைக்கும். தகுதி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் இதைக் கேட்பதே இல்லை என்று அந்நாட்டு வரித்துறையே சொல்கிறது.

படிவத்துக்குப் பயந்து கடைக்குப் போனால் 200 டாலர்கூடக் கேட்பார்கள். 2000-க்குப் பிந்தைய பத்து ஆண்டுகளில் இன்னொரு கொடுமையும் பரவலாக இருந்தது. 'உங்களுக்கு வரவேண்டிய பணத்தை இப்பவே தர்றோம்' என்று, சில வாரத்தில் வரப்போகும் சொந்தப் பணத்தின் மேலேயே கடன் கொடுத்து வட்டியும் கட்டணமும் பிடிப்பார்கள். நம்ம ஊர் கந்துவட்டிக்கு அக்கா தங்கச்சி மாதிரி! 2012 வாக்கில்தான் பெரிய வங்கிகள் அந்தத் தொழிலை விட்டன.

இலவச உதவித் திட்டம் 1969-ல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டித் தொடங்கியது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வரி ஆலோசனை சொல்லும் தனித் திட்டம் 1978-ல் வந்த சட்டத்தின் வழியாக ஏற்பட்டது. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, நூலகத்திலும் சமுதாயக் கூடத்திலும் கல்லூரியிலும் மேசை போட்டு உட்காருகிறார்கள். ஓய்வு பெற்ற பெரியவர்களும் இருப்பார்கள், கணக்குப் பதிவியல் படிக்கும் மாணவ மாணவிகளும் நிறைய இருப்பார்கள்.

படிக்கிற பிள்ளைக்கு நம்ம பணக் கணக்கு எப்படித் தெரியும் என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. அதற்குத்தான் அங்கே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மேசையில் உட்காரும் முன் வரித்துறை வைக்கும் தேர்வில் 80 சதவீதம் எடுத்துத் தேற வேண்டும். ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து. காசு வாங்கக் கூடாது. மேசைப் பக்கத்தில் உண்டியல்கூட வைக்கக் கூடாது. பெரிய வியாபாரக் கணக்கு போன்ற சிக்கலானவற்றை 'இது எங்களால் ஆகாது' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது இருக்கிறதே, அது எங்களுக்கு ரொம்பப் பிடித்தது.

இன்னொன்றையும் பெண்கள் நாம் கவனிக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்வதானால் இரண்டு பேருமே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். 'வீட்ல போய் அவகிட்ட வாங்கிட்டு வர்றேன்' என்று தாளை எடுத்துப் போகிற கதை நடக்காது. யார் நிரப்பிக் கொடுத்தாலும் தாளில் உள்ளதற்குப் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர்தான். அதனால் வாசித்துக் காட்டி, விளக்கம் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்கள்.

நமது கூட்டமைப்பிலும், பக்கத்துக் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு விஷயத்தில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. பயிற்சியும், இரண்டாவது ஆள் சரிபார்ப்பதும் இல்லாமல் வெறும் ஆர்வத்தை மட்டும் நம்பி உங்கள் பாஸ்புக்கை யார் கையிலும் கொடுக்க முடியாது. அதனால் முதலில் வரி ஆலோசகர் ஒருவரை வைத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம், அப்புறம் முகாம் போடலாம் என்பது எங்கள் யோசனை. அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பிரதிநிதிகள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். வைப்புநிதி வைத்திருக்கும் உறுப்பினர்கள், வீட்டில் மாமியார், அம்மா பெயரில் இருந்தாலும் சரி, வங்கிக்குப் போய் 'வட்டியில் வரி பிடிச்சிருக்கீங்களா?' என்று கேளுங்கள். பிடித்திருந்தால் அதற்கான சான்று வாங்குங்கள். முன்பே யாரிடமாவது ரிட்டர்ன் தாக்கல் செய்தவர்கள், அதில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த அக்காவின் நம்பரை இப்போது மாற்றியாகிவிட்டது.