செம்பூர் புகையும் போபால் நச்சும்: நுரையீரலை அளந்த பேராசிரியர்

மும்பை: தாதரை அடுத்த பரேலில் உள்ள கே.இ.எம். மாநகராட்சி மருத்துவமனையில் மார்பு நோய்த் துறைக்குத் தலைமை வகித்தவர் பேராசிரியர் எஸ்.ஆர். காமத். காற்று மாசு குறித்து நாடாளுமன்றம் 1981-ல் சட்டம் இயற்றுவதற்கு முன்பே, அதன் பாதிப்பை அளக்கத் தொடங்கிவிட்டார்.

1970-களின் பிற்பகுதியில் அவரது குழு நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தது. பஞ்சாலைகள் சூழ்ந்த லால்பாக். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அருகில் அமைந்த, தமிழர்கள் திரளாக வாழும் செம்பூர். ஓரளவு தூய காற்றுள்ள கார். ஒப்பீட்டுக்கு ஒரு கிராமம். மொத்தம் 4,129 பேரின் இருமல், மூச்சிரைப்பு, நுரையீரல் திறன் ஆகியவை பதிவு செய்யப்பட்டன. காரைவிட லால்பாக்கிலும் செம்பூரிலும் மூச்சிரைப்பு அதிகம் எனத் தெரியவந்தது. கிராமத்தினரும் தப்பவில்லை என்பது பலர் எதிர்பாராதது.

1984 டிசம்பரில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. கண்ணீர்ப்புகை போன்றதே என்று ஆலைத் தரப்பில் முதலில் கூறப்பட்டது. மும்பையில் காமத் குழு பரிசோதித்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் நுரையீரல்கள் வேறு கதை சொன்னன. தொடர்ந்து கண்காணித்தபோதும் பலருக்குப் பாதிப்பு நீங்கவில்லை. ஆனால், கசிவுக்கு முன் போபால் மக்களின் நுரையீரல் எப்படி இருந்தது என்பதற்குச் செம்பூரைப் போன்ற பதிவு இல்லை. இழப்பீடு கோரியவர்களுக்கு இது பெரும் பாதகம். பேரிடர் ஆயத்தம் என்றால் தீயணைப்பு வண்டி மட்டுமல்ல என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

சட்டங்கள் வரிசையாக வந்தன. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987-ல் அபாயகரமான ஆலைகளுக்கு அவசரகாலத் திட்டத்தைக் கட்டாயமாக்கிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம். 2023-ல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டமோ, சுற்றுச்சூழல் சட்டத்தின் சிறைத் தண்டனைகள் பலவற்றை அபராதமாகத் தளர்த்தியது.

இதற்கிடையே 2013-ல் அதே மருத்துவமனை மருத்துவர்கள் மீண்டும் செம்பூர்ப் பகுதிக்குச் சென்றனர். மாஹுல், அம்பாபாடாவில் ஏறத்தாழ 67 சதவீதத்தினர் மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மூச்சுத்திணறுவதாகக் கூறினர். அந்த ஆய்வையும் கருத்தில் கொண்டு, அங்குள்ள காற்றால் மக்களின் உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் இருப்பதாகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் கூறியது.

அதற்குப் பிறகும், 2017 முதல், தான்சா குடிநீர்க் குழாய் ஓரம் வசித்த குடும்பங்கள் மாஹுலுக்கே அனுப்பப்பட்டன. செல்ல மறுப்போருக்கு மாதம் ரூ.15,000 வாடகை வழங்குமாறு 2019 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது.