வாயுக்களும் மூக்கின் சாட்சியமும்

சமையலறையில் எரிவாயு உருளை சற்றே கசிந்தாலும் அழுகிய முட்டைக்கோசை நினைவூட்டும் நெடி ஒன்று எழுகின்றது. அந்நெடி அவ்வாயுவுக்கு உரியதன்று. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த அவ்வெரிவாயுவுக்குச் சொந்த மணம் இல்லையென்றே கூறலாம். கந்தகம் அடங்கிய ஈத்தைல் மெர்காப்டன் என்னும் பொருளை மிகச் சிறிதளவில் வேண்டுமென்றே அதனுடன் சேர்க்கின்றனர். உருளையிலிருந்து வருவது எரிபொருளும் எச்சரிக்கையும் ஆகும்.

இவ்வெச்சரிக்கையின் அருமையை உலகம் பெரும் விலை கொடுத்தே உணர்ந்தது. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள நியூ லண்டன் என்னும் ஊரில், பள்ளிக் கட்டடத்தின் அடியில் இயற்கை வாயு கசிந்து தேங்கி நின்றது. மணமில்லாமையால் எவரும் அதனை அறிந்திலர். ஒரு பொறி பட்டதும் கட்டடம் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மாணவர். அதன்பின் எரிவாயுவில் நெடி சேர்த்தல் அம்மாநிலத்தில் சட்டமாயிற்று.

நெடியே இல்லாத வாயுவினும் கொடியது ஒன்றுண்டு. கழிவுநீர்க் குழிகளிலும் சேறு மண்டிய தொட்டிகளிலும் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டையின் நாற்றமுடையது. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதனை அறிந்துவிடும். ஆனால் அளவு 100 பங்கை எட்டுமாயின் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகின்றது. நாற்றம் மறைகின்றது, வாயு மறைவதில்லை. "இப்போது நாற்றமில்லை, இறங்கலாம்" என்று ஒருவர் எண்ணும் கணமே பேராபத்தான கணம். 500 பங்குக்கு மேற்படின் தள்ளாடி விழுவர். 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே உயிர் போகக்கூடும். அன்றியும், அமைதியாகக் கிடக்கும் சேற்றைக் கோலால் கிளறியவுடன், அதனுள் அடைபட்டிருந்த வாயு திடீரென மிகுதியாக வெளிப்படும். சாணவாயுத் தொட்டியைத் துப்புரவு செய்வோர் இதனை மறத்தலாகாது.

பாழுங்கிணற்றின் கதை வேறு. அங்கே தழைகள் மட்குவதால் பிராணவாயு குறைந்து, கரியமிலவாயு மிகுகின்றது. இது காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே அடியில் தங்கும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு குவளையில் சமையல் சோடாவை இட்டு எலுமிச்சைச் சாற்றை ஊற்றி, நுரை அடங்கியதும் குவளையை எரியும் மெழுகுவர்த்தியின்மேல் மெல்லச் சாய்த்தால், கண்ணுக்குப் புலப்படாத வாயு நீர்போல் வழிந்து சுடரை அணைக்கும். சாறு மட்டும் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்!

கிணற்றினுள் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இவ்வுண்மையை ஒட்டியதே. ஆயினும் அது பாதி உண்மை. பிராணவாயு இயல்பான 21 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 16 சதவீதமாகக் குறைந்தால் சுடர் அணையும். அணைந்தால் இறங்கலாகாது என்பது உறுதி. அணையாவிட்டால் இறங்கலாம் என்பது உறுதியன்று. நச்சு வாயு சிறிதளவே கலந்திருப்பின் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். கழிவுநீர்க் குழியிலோ சாணவாயுத் தொட்டியிலோ விளக்கைக் காட்டவே கூடாது. அங்குள்ள மீதேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருப்பின் வெடிக்கும்.

கார்பன் மானாக்சைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றுகின்றது. வட இந்தியக் குளிர்காலத்தில் கதவடைத்த அறையில் கரியடுப்பை மூட்டி உறங்குவோர் எழாமற்போவது இதனால்தான். கிணற்றினுள் டீசல் பம்பை இயக்கினாலும் இதே வாயு அங்கே நிறையும்.

இவ்விபத்துக்களில் பெரிதும் வருந்தத்தக்கது இரண்டாமவரின் மரணம். விழுந்தவரைத் தூக்க மகனோ தம்பியோ உடன் வேலை செய்பவரோ குதிக்கின்றார். அவரும் அதே காற்றையே சுவாசிக்கின்றார். கழிவுநீர்க் குழியிலும் மலத்தொட்டியிலும் தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். கழிவுநீர்க் குழி மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கிணறாயினும் தொட்டியாயினும், வாயு அளவியால் சோதித்து, ஊதுவிசிறியால் புதுக்காற்றைச் செலுத்திய பின்னரே, முழு உடற்கச்சையில் கயிறு பூட்டி ஆளை இறக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையைப் பிடிப்போர் எக்காரணத்தாலும் கீழே இறங்கலாகாது. மேலிருந்தே தூக்க வேண்டும்; இயலாதபோது 101 அல்லது 112 என்னும் எண்ணில் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, சுவாசக் கருவியுடன் அவர்கள் வரும்வரை காற்றை உள்ளே செலுத்திக்கொண்டேயிருக்க வேண்டும்.