போதையின் பாதை – 9: கல்லறைக்குக் காவல்

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்றொரு நாடு. மொத்த மக்கள்தொகை 80 லட்சத்துக்குச் சற்று மேல். சென்னையும் அதன் புறநகரும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். அதன் தலைநகர் ஃப்ரீடவுனில் கல்லறைத் தோட்டங்களுக்கு இரவுக் காவல் போட்டார்கள். புதைத்த பிணத்தைத் தோண்டியெடுத்து, எலும்பைப் பொடித்து, 'குஷ்' என்ற போதைப்பொருளில் கலக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் விடவில்லை. மனித எலும்பு என்று தலைப்பு வைத்தால் படிக்காமல் யார் போவார்கள்?

குஷ் என்பது பார்வைக்குக் கஞ்சா மாதிரி இருக்கும் காய்ந்த இலைத்தூள். காகிதத்தில் சுருட்டிப் புகைக்க வேண்டியதுதான். 2024 வாக்கில் ஒரு சுருட்டு ஐந்து லியோன். நம் ஊரில் ஒரு டீக்குக் கொடுக்கும் காசு. கஞ்சா அடித்தவன் சிரிப்பான், பேசுவான், தூங்குவான். குஷ் அடித்தவன் நின்ற இடத்திலேயே இடுப்பொடிந்து குனிந்து, விழாமலும் நிமிராமலும் அப்படியே நிற்பான். ஃப்ரீடவுன் தெருக்களில் பட்டப்பகலில் இப்படி நிற்கும் இளைஞர்களை வீடியோக்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நாள்பட்டால் கால் வீங்குகிறது, புண் வைக்கிறது, ஆறுவதில்லை. சாலையோரம் கிடந்து இறந்தவர்களில் தேடி வர ஆள் இல்லாத உடல்களை மொத்தமாக அடக்கம் செய்யும் நிலை வந்தது.

ஏன் அந்த நாட்டுக்கு இந்தக் கதி என்று கேட்டால், உடனே உள்நாட்டுப் போரைக் காட்டுவார்கள். 1991 முதல் 2002 வரை நடந்த அந்தப் போரில், துப்பாக்கி பிடித்த சிறுவர்களுக்குக் கொக்கைனில் வெடிமருந்தைக் கலந்து கொடுத்தது உண்மை. ஆனால் இன்று இருபது வயதில் குஷ் புகைப்பவன் போர் முடிந்த பிறகு பிறந்தவன். அவன் பார்த்தது வேறு. 2014இல் எபோலா வந்து ஏறத்தாழ 4,000 பேரைக் கொண்டுபோனது. 2017 ஆகஸ்டில் ஃப்ரீடவுன் மலைச்சரிவு இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். வேலையோ கிடைத்தால் உண்டு. இதெல்லாம் அவன் ஏன் எதையாவது புகைக்கத் தேடினான் என்பதைச் சொல்லும். கையில் கிடைத்தது ஏன் குஷ் என்பதைச் சொல்லாது.

ஃப்ரீடவுனின் கிஸ்ஸி பகுதியில் 1820இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிறது. சகாராவுக்குத் தெற்கே இதுதான் மிகப் பழையது. ஊர்க்காரர்கள் அதை 'கிரேஸ் யார்டு' என்பார்கள்; பைத்தியக்கார வளாகம் என்று அர்த்தம். 2018 வரை நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த இடம் அது. குஷ்ஷால் வந்த கோளாறுகளுக்காக 2023இல் மட்டும் அங்கே 1,865 பேர் சேர்க்கப்பட்டார்கள் என்கிறது மருத்துவமனைக் கணக்கு. பக்கத்து லைபீரியாவில் 2024 ஜனவரியிலேயே அதிபர் போகாய் போதைப்பொருளைத் தேசிய நெருக்கடி என்று அறிவித்துவிட்டார். ஏப்ரலில் சியரா லியோன் அதிபர் ஜூலியஸ் மாடா பியோவும் அவசரநிலை அறிவித்தார். பணிக்குழு அமைத்தார்கள், மாவட்டந்தோறும் மையம் திறப்பதாகச் சொன்னார்கள். எந்த வஸ்துவை எதிர்த்து இந்த அவசரநிலை என்பது மட்டும் அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது!

பத்து மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில் முழு விடை வந்தது. ஜெனீவாவிலிருந்து இயங்கும், நாடு கடந்த குற்றங்களை ஆராயும் அமைப்பு ஒன்றும் நெதர்லாந்தின் கிளிங்கெண்டேல் நிறுவனமும் சேர்ந்து குஷ் மாதிரிகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்டன. எலும்பும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. எலும்பு பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதைப் புகைத்தால் இருமல் வருமே தவிர போதை ஏறாது என்பதை எந்த வேதியியல் ஆசிரியரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

உள்ளே இருந்தது மார்ஷ்மாலோ என்ற செடியின் இலை. நம் துத்தியின் குடும்பம், சாது. அதன் மேல் தெளித்த ரசாயனம்தான் ஆளைச் சாய்க்கிறது. ஏறத்தாழ பாதி மாதிரிகளில் இருந்தது நிட்டசீன். 1950களில் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் வலி நிவாரணிக்காக உருவாக்கி, வீரியம் மிகுதி என்பதால் மருந்தாகாமல் கிடப்பில் போன வகை அது. அபின் இனத்தைப் போலவே வேலை செய்யும். இதில் சில வகைகள், அபின் இனத்தில் வீரியத்துக்குப் பேர்போன ஃபென்டனிலையே தூக்கிச் சாப்பிடும். மற்ற மாதிரிகளில் செயற்கைக் கஞ்சா ரசாயனம். இரண்டுக்கும் பெயர் குஷ்தான், விலையும் ஒன்றுதான். இன்று எது வந்திருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது.

இந்த அறிவு ஏன் முக்கியம் என்றால், நிட்டசீனால் மூச்சு நிற்கப் போகிறவனை நலாக்சோன் என்ற முறிமருந்து கொடுத்து மீட்க முடியும். செயற்கைக் கஞ்சாவுக்கு அது பலிக்காது. மீட்டபின் தரும் சிகிச்சையும் இரண்டுக்கும் வேறு: அபின் இன அடிமைத்தனத்துக்கு மெத்தடோன், புப்ரினார்பின் என்று தேறிய வழிகள் உண்டு. குழிக்குக் காவல் நின்ற நாட்களில் ஒரு பரிசோதனைக்கூடம் இருந்திருந்தால் மருத்துவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்த்திருக்க வேண்டியதில்லை.

எலும்புக் கதை பலருக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கதையில் குற்றவாளி உள்ளூர்ப் பிணந்தோண்டி. அறிக்கை சொன்ன கதையில் சரக்கு சீனாவிலிருந்தும் நெதர்லாந்து, பிரிட்டனிலிருந்தும் வருகிறது; கப்பலிலும் பார்சலிலும். முதல் கதையில் மண்வெட்டி வைத்திருந்தவனைப் பிடித்தால் போதும். இரண்டாவதில் துறைமுகத்தில் கையெழுத்துப் போட்டவரையும் அல்லவா கேட்க வேண்டும்?

அந்த வழியில் இந்தியாவும் இருக்கிறது. குஷ்ஷில் அல்ல, மாத்திரையில். மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் குஷ்ஷுக்கு முன்பே பரவிய டிரமடால் என்ற வலி மாத்திரையில் பெரும்பகுதி இங்கிருந்து போனது. 2018 ஏப்ரலில் இந்தியா அதைப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அந்த இடத்துக்கு டேபென்டடால் என்ற இன்னொரு வலி மருந்து வந்தது. அதைக் காரிசோப்ரடால் என்ற தசைத் தளர்வு மருந்துடன் கலந்து, எந்த நாட்டிலும் அனுமதி பெறாத மாத்திரையாக மும்பை நிறுவனம் ஒன்று கானாவுக்கும் நைஜீரியாவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் அனுப்பியதை 2025 பிப்ரவரியில் பிபிசி ரகசியக் கேமராவில் காட்டியது. அதன் பிறகுதான் டெல்லி அந்தக் கலவையின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது.

டேபென்டடால் என்ற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றியதாகத் தமிழ்நாட்டுப் போலீஸ் வழக்குப் போடும்போதெல்லாம் அடிபடும் பெயர்தான். வலிக்கென்று மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டிய அந்த மாத்திரை இங்கே எந்த வழியாகப் பள்ளி மாணவன் பைக்குள் போகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)